ஒரு விரல் வலியா, நாலு விரல் வலியா?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 23, வியாசர்பாடியில் இருக்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். எழுத்துத் தேர்வு நல்லபடியாக எழுதியிருக்கிறேன், ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து வாரமாகத் தினமும் விடியற்காலையில் ஓடுகிறேன். முதல் வாரம் 2 கிலோமீட்டர், இப்போது 6. பக்கத்தில் மைதானம் இல்லாததால் சிமெண்ட் சாலையில்தான். மூன்று வாரமாக இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலி. முதலில் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் வலித்து, உடம்பு சூடானதும் போய்விடும். இப்போது ஓடி முடித்த பிறகும் நிற்கிறது, வலது காலில் அதிகம். அண்ணன், வலித்தால்தான் கால் உரமேறும், விடாமல் ஓடு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் போட்டு நன்றாக உருவச் சொல்கிறார். எடை குறைய மூன்று மாதமாக ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன். இரண்டு மாதமாகத் தலைக்கு ஊற்றவில்லை, அதை இங்கே சொல்வது சரியா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து அம்மாவும் பெரம்பூர் மேம்பாலப் பூங்காவில் நடக்க ஆரம்பித்தார். அவருக்கு 51 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. அவருக்கும் கால் வலிக்கிறது. இரண்டும் ஒரே வலியா? நான் ஓடலாமா, நிறுத்த வேண்டுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை முழுக்கப் படிக்காமல் நாளைக் காலையும் நீங்கள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. நாளைக்கு ஓட வேண்டாம்மா. இரண்டு வாரத்துக்கு ஓட்டம் வேண்டாம். அதற்காக வீட்டில் உட்காரவும் வேண்டாம், செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு சின்ன சோதனை செய்ய வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்து வலது காலை மடித்து, கணுக்காலின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து மேல் நோக்கி, எலும்பின் உள் விளிம்பு ஓரமாகவே கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். அவசரப்படாமல், விரல் விரலாக. எந்த இடத்தில் வலி தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இடது காலிலும் அதேபோல. அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே நாலு விரலை அகலவாக்கில் வைக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ வலி பரவியிருந்தால், ஓடுகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் வலிதான் அது, ஷின் ஸ்ப்ளின்ட் என்று எல்லாரும் சொல்வது. எரிச்சலான வலி, தொல்லை பிடித்த வலி, ஆனால் சொன்னபடி கேட்டால் அடங்கிவிடும். வலி அப்படிப் பரவாமல் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல ஒரே இடத்தில் இருந்து, அங்கே விரல் பட்டால் உயிர் போகிறது என்றால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் உள்ளே விண்விண் என்று இருக்கிறது, நடக்கும்போதே வலிக்கிறது என்றால், எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். எலும்பின் உள் விளிம்பில் இல்லாமல், முன்பக்கம் தோலுக்கு அடியில் கத்தி முனை மாதிரி தட்டுப்படுமே, அந்த இடத்தில் ஒரு புள்ளி வலி இருந்தாலும் அப்படித்தான். சொல்லப்போனால் அங்கே விழும் விரிசல் இன்னும் மோசம், சீக்கிரம் ஒட்டாது.

இரண்டு காலிலும் வலி, ஆனால் வலது காலில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வலது காலைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ஒரு புள்ளி வலி தெரிந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான், வெளிநோயாளிப் பிரிவுக்குக் காலையில் போனால் பார்த்துவிடலாம். அப்படிப் போகும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். அதனால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால் ஓடலாம் என்று அர்த்தம் கிடையாது. வலி எங்கே, எப்போது, எத்தனை வாரமாக என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், பேனாக் குறியையும் காட்டுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் வந்தான், காசிமேட்டுக்காரன், உங்களைப் போலவே சீருடை கனவு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓடியிருக்கிறான். மாத்திரை வலியை மூடியதே தவிர விரிசலை மூடவில்லை. ஒருநாள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எலும்பு முழுதாக உடைந்துவிட்டது. என்னிடம் வந்தது அதற்கு அப்புறம்தான், கட்டு பிரித்த பிறகு நடக்கப் பழகுவதற்கு. அந்த வருடம் போய், அடுத்த வருடமும் போனது. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் யார் வந்து வலியோடு ஓடலாமா என்று கேட்டாலும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

சரி, அண்ணன் சொல்வதற்கு வருவோம். வலித்தால்தான் உரமேறும் என்று அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். தசையைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்த மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறதே, அது இரண்டு நாளில் போய்விடும், தொடையும் பலப்படும். எலும்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் எலும்பு உயிருள்ளது. ஓடும்போது பாதம் தரையில் விழுகிற ஒவ்வொரு தடவையும் கீழ்க்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து நிமிர்கிறது, ஆடுசதையின் அடித்தசை வேறு அந்த உள் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. இந்தப் புதுச் சுமையைத் தாங்க எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். அதை எப்படிச் செய்கிறது என்றால், பழைய வீட்டில் சுவரைப் பலப்படுத்துகிற கொத்தனார் மாதிரி, முதலில் பழசைச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம்தான் புதுசைப் பூசும். சுரண்டுகிற வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், பூசி இறுகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவே இருக்கும் அந்த நாட்களில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும். புதிதாக ஓட ஆரம்பித்தவர்கள் மூன்றாவது, நாலாவது வாரத்தில் வலியோடு வந்து நிற்பது இதனால்தான். ராணுவத்திலும் காவல் பயிற்சியிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி வருவதும் இதே காரணம்.

இதில் நம்மை ஏமாற்றுவது மூச்சுதான். நுரையீரலும் இதயமும் மூன்று நாலு வாரத்தில் பழகிவிடுகின்றன. நேற்று 2 கிலோமீட்டரில் மூச்சு வாங்கியவருக்கு இன்று 6 ஓடினாலும் வாங்காது, உடனே ஓடமுடிகிறதே என்று தூரத்தைக் கூட்டிவிடுவோம். எலும்பு இன்னும் பூச்சு வேலையை முடித்திருக்காது. ஐந்து வாரத்தில் மூன்று மடங்கு, அதுவும் ஒருநாள்கூட விடாமல் தினமும், அதுவும் சிமெண்டில். வலி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் காலில் குறை எதுவும் இருக்கிறது என்று மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் எனக்கு ஒரு கேள்வி. 6 கிலோமீட்டர் எதற்கு ஓடுகிறீர்கள்? பெண்களுக்கு அந்தத் தேர்வில் தகுதி ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடிக்குள். அதைத் தாண்டினால்தான் நீளம் தாண்டுதல், எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். உங்கள் அறிவிப்பை எடுத்து ஒருமுறை நன்றாகப் படியுங்கள். 400 மீட்டரை 150 விநாடியில் என்றால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 37 விநாடிக்குக் கொஞ்சம் மேல். இது மெதுவாக 6 கிலோமீட்டர் ஓடுவதால் கிடைக்கிற திறமை இல்லை, குறைந்த தூரத்தைச் சீரான வேகத்தில் ஓடிப் பழகுவதால் வருவது. ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். அவர்களுக்குக்கூட தினமும் 6 தேவையில்லை. எலும்பின் தாங்கும் சக்தி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கிடைக்கிற ரேஷன் மாதிரி. அதைத் தேர்வில் கேட்காத தூரத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? இந்த ஒரு மாற்றமே உங்கள் பாதி வலியைக் குறைக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த இரண்டு வாரம் என்ன செய்வது என்றால், நடக்கலாம், வலிக்காத வேகத்தில், வலிக்காத தூரத்துக்கு. சைக்கிள் இருந்தால் ரொம்ப நல்லது, மூச்சும் இதயமும் பழகினபடியே இருக்கும், எலும்பில் அடி விழாது. வலி இருக்கும் இடத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அது வலியை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான், எலும்பைச் சரி செய்யாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் தன்மையாகச் சொல்லிவிடுங்கள், எலும்பு ஓரத்தை அழுத்தி உருவ வேண்டாம், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் எலும்புறையை அது இன்னும் கிளறிவிடும். பின்னால் இருக்கும் ஆடுசதையை லேசாக நீவிவிட்டால் சுகமாக இருக்கும், அதற்குத் தடையில்லை. விரிசல் சந்தேகம் இருக்கும் காலில் மட்டும் யாரும் கையே வைக்க வேண்டாம், இழுத்துக் கட்டுவதும் வேண்டாம்.

இதோடு ஒரு பயிற்சியை இன்றே ஆரம்பியுங்கள், அழுத்தினால் புள்ளி வலி இல்லை என்றால் மட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாக உயர்த்தி, மேலே ஒரு விநாடி நின்று, மூன்று எண்ணும் நேரத்துக்கு மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டியை நேராக வைத்து ஒரு சுற்று என்றால், கொஞ்சம் மடித்து வைத்து ஒரு சுற்று. மடித்துச் செய்தால்தான் அந்த அடித்தசைக்கு வேலை கிடைக்கும், எலும்புக்கு முட்டுக் கொடுப்பது அதுதான். ஒரு வாரம் போனதும் மாடிப்படி விளிம்பில், அப்புறம் ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் 20 தடவை தடுமாறாமல் ஏறி இறங்க முடிந்தால் உங்கள் கால் ஓடத் தயாராகிக்கொண்டிருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு முதல் நாள் எட்டைத் தாண்டுவதே கஷ்டம், அவர்கள்தான் தினமும் அவ்வளவு தூரம் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய அந்த ஒரு வரி. அதை எழுதியது ரொம்பச் சரி. உங்கள் கடிதத்திலேயே அதுதான் முக்கியமான வரி என்பேன். ராத்திரி சாப்பாட்டை விட்டு மூன்று மாதம், மாதவிடாய் நின்று இரண்டு மாதம், எலும்பு வலி மூன்று வாரம். இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டினவையாக இருக்கலாம். எரிக்கிற அளவுக்கு உடம்புக்குச் சோறு வராதபோது, உடம்பு முதலில் நிறுத்துகிற வேலைகளில் ஒன்று மாதவிடாய். அதை நடத்துகிற ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்தால் எலும்பில் சுரண்டல் கூடும், பூச்சு குறையும். மேலே சொன்ன கொத்தனாருக்குச் சிமெண்டும் கொடுக்காமல் கூலியும் கொடுக்காமல் இரண்டு மாடி கட்டு என்றால் எப்படி? இப்படி மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு விரிசல் விழும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் உங்கள் வலது காலைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை, புள்ளி வலியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் நீங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மாதவிடாய் தள்ளிப்போவதற்குத் தைராய்டு, நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கும், ஆகவே மகளிர் மருத்துவரையும் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ராத்திரி சாப்பாடு இன்றைக்கே திரும்பி வர வேண்டும். எலும்புக்கு நல்லது எல்லாம் நம்ம ஏரியாவிலேயே கிடைக்கிறது, பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. ஆடி மாதம் தெருவெல்லாம் ஊற்றுகிற கூழை வருடம் முழுக்க வீட்டில் காய்ச்சிக் குடிக்கலாம். கூடவே நெத்திலிக் கருவாடு, முள்ளோடு சாப்பிடுகிற மீன் என்பதால் அதில் கால்சியம் தாராளம். முருங்கைக் கீரை, ஒரு டம்ளர் பால் அல்லது தயிர், முட்டை. ஓடி முடித்து வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் ஏதாவது போக வேண்டும், வெறும் டீ போதாது. இன்னொன்று, நீங்கள் விடிவதற்கு முன்னால் ஓடிவிட்டுப் பகல் முழுக்க உள்ளே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால் வெயில் உங்கள் மேல் படுவதே இல்லை. இவ்வளவு வெயில் அடிக்கிற சென்னையில்தான் வைட்டமின் டி குறைவோடு ஆட்கள் வருகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவு என்று வந்தால் மருத்துவர் சொல்கிற அளவில் மாத்திரை, நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மறுபடி ஓடுவதற்கு மூன்று அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் வலிக்கக் கூடாது, நாலைந்து நாள் தொடர்ந்து. எலும்பு ஓரத்தை அழுத்தினால் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதித்தாலும் வலிக்கக் கூடாது. மூன்றும் கிடைத்ததும், ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அப்படி ஏழு தடவை. மறுநாள் ஓய்வு, இது கட்டாயம். மூன்று நாள் இப்படி ஓடிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது எலும்பில் ஒன்றும் இல்லை என்றால் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஓடும்போது பத்துக்கு ஒன்று, இரண்டு என்கிற அளவில் லேசாகத் தெரிந்து மறுநாள் காலைக்குள் காணாமல் போனால் பரவாயில்லை. அதற்கு மேல் போனாலோ மறுநாளும் இருந்தாலோ ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் 200 மீட்டரை 75 விநாடியில் ஓடி, நன்றாக நடந்து, மறுபடி ஓடி, இப்படி நாலு தடவை. அப்புறம் 400. நீளம் தாண்டுதலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், தாண்டி விழுவதும் அதே எலும்பில்தான் விழுகிறது. இரண்டு மாதத்துக்குள் இதெல்லாம் அடங்கிவிடும். விரிசல் என்று தெரிந்தால் கணக்கு வேறு, குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டமே கூடாது, சிலருக்கு அதற்கும் மேல். அப்படி ஆனால் இந்த முறை தவறிப்போகலாம். உங்களுக்கு 23 தான் ஆகிறது, கால் முழுசாக இருந்தால் அடுத்த அறிவிப்புக்கு ஓடலாம்.

ஓடும்போது காலைத் தூக்கி எட்டி எட்டி வைக்காதீர்கள். குதிகால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழுந்தால் அடி முழுக்க எலும்புக்குப் போகிறது. அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். அது 38 என்றால் அதே வேகத்தில் 40, 41 ஆக்கப் பாருங்கள், அடி தானாகச் சின்னதாகும். செலவில்லாத மருத்துவம் இது.

எங்கே ஓடுவது என்பது நம்ம பக்கம் உண்மையிலேயே ஒரு பிரச்சினை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் காலைவிட உயிரைப் பற்றித்தான் பயம் வருகிறது. எந்தச் சாலையிலும் ஓரம் மழைத் தண்ணீர் ஓட சாய்வாக இருக்கும், எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் தினமும் பள்ளத்தில் ஓடுகிற மாதிரி. உங்கள் வலது காலில் அதிக வலி இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், நீங்கள் எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இறுகின மண் தரைக்குப் போங்கள். வியாசர்பாடி பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுகிற திடல்களில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் இடம் கிடைக்கும், ஓடுகிற இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. மணலில் ஓடினால் மெத்தென்று இருக்குமே என்று கடற்கரைக்குப் போகாதீர்கள், கால் புதைகிற மணலில் ஆடுசதைக்குக் கூடுதல் வேலை, வலி இருக்கும்போது அது சரிப்படாது. ஷூ விஷயத்தில் பெரிய கம்பெனி பெயரை ஒட்டிய நகல் ஷூவைவிட, பெயர் தெரியாத ஆனால் ஓடுவதற்கென்றே செய்த, விரல் முட்டாத ஷூ எவ்வளவோ மேல். அடிப்பாகம் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் அதன் ஆயுள்.

ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனதும் சொல்லி வைத்த மாதிரி கால் இறுகிக் கல்லாகி, பாதம் மரத்து, நின்றால் கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிற வலி வேறு ஒன்று உண்டு, தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது. உங்கள் கடிதத்தில் அந்த அடையாளம் இல்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அப்படி இருந்தால் ஐஸும் பயிற்சியும் போதாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக அம்மா. அவருடைய வலியும் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. எங்கே வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். எலும்புக்கு வெளிப்பக்கம், முன்னால் இருக்கிற தசையில் வலி, வேகமாக நடந்தால் அதிகம், பாதத்தைத் தூக்கவே சோர்வு என்றால், அது நடக்கப் பழகாத தசை. உங்கள் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் பார்த்திருப்பார். ஹவாய் செருப்பு போட்டு நடக்கிறாரா என்றும் பாருங்கள், அது கழன்று போகாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதனால் முன்தசைக்கும் வேலை கூடும். பின்பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ வாங்கிக் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, பத்து நிமிடமாக இரண்டு வேளை நடக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

ஆனால் வலி பின்னால் ஆடுசதையில் வந்து, குறிப்பிட்ட தூரம் நடந்ததும் பிடித்து இழுத்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடிக்கிறது என்றால், காலுக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். எட்டு வருடச் சர்க்கரை இருப்பவருக்கு இதை நான் ஒருபோதும் வெறும் நடை வலி என்று விட மாட்டேன். மருத்துவர் பாதத்தில் நாடி பார்ப்பார், கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு எளிய சோதனை உண்டு, ஊசிகூடக் கிடையாது. நின்றால் போகாமல் உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் வலி விடுகிறது என்றால் முதுகுத் தண்டு நரம்பாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் அன்றைக்கே மருத்துவமனை, அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். காலில் உருவுவது வேண்டவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாத உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால் அம்மாவுக்கு ஐஸோ சுடு ஒத்தடமோ நீங்களாக வைக்காதீர்கள், கொப்புளம் வந்தால்கூட அவருக்குத் தெரியாமல் போகலாம். தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் வலது காலையும் அம்மாவின் காலையும் ஒரே நாளில் காட்டிவிடலாம், இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். போகிற அன்று அம்மாவின் சர்க்கரைச் சீட்டை மறக்காதீர்கள். உங்களுக்குக் கடைசியாக மாதவிடாய் வந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்பார்கள்.